சிரால் மீன்கொத்தியா, நீலக்காது மீன்கொத்தியா: களத்தில் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரையில் ஒரு சிறிய நீல மீன்கொத்தி கண்ணில் பட்டதும், புதிதாகப் பறவை பார்க்க வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'காது என்ன நிறம்?' என்பதுதான். கேள்வி சரியானது, ஆனால் அதைக் கேட்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. காதின், அதாவது கண்ணுக்குப் பின்னால் காதை மூடியிருக்கும் இறகுகளின், நிறம் முதிர்ந்த பறவையில் மட்டுமே நம்பத்தக்க சான்றாகும். நீலக்காது மீன்கொத்தியின் இளம் பறவைக்குக் காது செம்மஞ்சளாகவே இருக்கும் என்பதை அறியாதவர், அதைத் தயக்கமின்றிச் சிரால் மீன்கொத்தி என்று எழுதிவிடுகிறார். நிழலில் அமர்ந்ததால் இருண்டு தெரியும் சிரால் மீன்கொத்தியை நீலக்காது மீன்கொத்தி என்று எழுதுபவர்கள் இவர்களைவிடவும் அதிகம்.

இரண்டும் அல்சிடோ என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. முன்னது அல்சிடோ அத்திஸ், பின்னது அல்சிடோ மெனின்டிங். உருவம், அளவு, அமரும் விதம், மீன் பிடிக்கும் முறை என எல்லாவற்றிலும் ஒத்திருப்பதால், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை இங்கே மிக முக்கியமாகிறது. கீழுள்ள படிகளை அந்த வரிசையிலேயே பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. புறப்படும் முன் செய்ய வேண்டியவை

எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்ட இருநோக்கி இந்த வேலைக்குப் போதுமானது. சட்டைப்பையில் அடங்கும் 25 மில்லிமீட்டர் இருநோக்கி ஏரிக்கரையில் நன்றாகவே உழைக்கும். ஆனால் மரநிழல் மூடிய ஓடையில் அதன் வழியே கண்ணை வந்தடையும் வெளிச்சம் குறைவாக இருப்பதால், செம்மஞ்சளும் நீலமும் ஒன்றுபோல் கருத்துத் தெரியும்.

ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மை தூறலில் கரைந்துவிடும் என்பதால்தான் பென்சில். மழைக்காலத்தில் மலைக்காட்டுக்குள் போவதானால் அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் காலுறை அணியாமல் போகாதீர்கள். காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பறவை திரும்பும் அந்த ஒரு நொடி தவறிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் படங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் முன்தயாரிப்பில் மிக முக்கியமானது. இணையத்தில் சிரால் மீன்கொத்தி என்று தேடினால் முதலில் வந்து குவிபவை ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட படங்கள். அந்தத் துணையினத்தின் முதுகில் பச்சை கலந்த நீலம் மிகுந்திருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் தப்ரோபானா என்னும் துணையினமோ அதைவிட ஆழ்ந்த நீலம் உடையது. ஐரோப்பியப் படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பறவையைப் பார்ப்பவர், 'இவ்வளவு நீலமாக இருக்கிறதே, நிச்சயம் நீலக்காதுதான்' என்று முடிவு கட்டிவிடுகிறார். நான் பார்த்த தவறான பதிவுகளில் பெரும்பங்கு இங்கிருந்தே தொடங்கியவை. ஆகவே உங்கள் மாவட்டத்தின் ஏரியில் நாள்தோறும் அமரும் சிரால் மீன்கொத்தியைப் பத்து இருபது முறையாவது வெயிலிலும் நிழலிலும் நன்றாகப் பார்த்துப் பழகிய பிறகு காட்டுக்குப் போங்கள்.

2. பறவை இந்த இரண்டில் ஒன்றுதானா என்று உறுதி செய்யுங்கள்

இரண்டு இனங்களும் ஏறத்தாழ 16 முதல் 17 சென்டிமீட்டர் நீளமுள்ளவை. அதாவது நீண்ட அலகையும் சேர்த்தே சிட்டுக்குருவியைவிடச் சற்றுத்தான் பெரியவை. வெண்தொண்டை மீன்கொத்தி 28 சென்டிமீட்டர் அளவும், பெரிய அலகு மீன்கொத்தி 35 சென்டிமீட்டர் அளவும் இருக்கும். தனியாக அமர்ந்த பறவையின் அளவைக் கண் தவறாகக் கணிக்கும் என்பதால், பக்கத்தில் உள்ள இலையோடோ கிளையின் தடிமனோடோ ஒப்பிட்டுப் பாருங்கள்.

காட்டோடையில் குறுக்கிடக்கூடிய இன்னொரு பறவை குள்ள மீன்கொத்தி. அது 13 சென்டிமீட்டர் மட்டுமே நீளமுள்ளது. அலகு முழுவதும் செம்மஞ்சள், வயிறு மஞ்சள், தலையிலும் பிட்டத்திலும் ஊதா சாயல். அலகை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட்டாலே அதை விலக்கிவிடலாம். வடகிழக்கு இந்தியக் காடுகளில் இருப்பவர்கள் மட்டும், ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளைத் மீன்கொத்தியையும் கணக்கில் கொள்ள வேண்டும்; அதற்கும் காது கருநீலமாகவே இருக்கும்.

3. இடம், மாதம், வெளிச்சம் ஆகியவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

பறவையின் நிறத்தை எழுதும் முன்பே இவற்றை எழுதிவிட வேண்டும். இனத்தை முடிவு செய்த பிறகு எழுதினால், முடிவுக்கு ஏற்றபடி 'அடர்ந்த நிழல்' என்றோ 'திறந்த வெளி' என்றோ நம்மை அறியாமலேயே எழுதிவிடுவோம்.

சிரால் மீன்கொத்தி ஏரி, குளம், வாய்க்கால், வயலோரம், கழிமுகம், அலையாத்திக் காடு எனத் திறந்த நீர்நிலைகள் எங்கும் வாழும். நீலக்காது மீன்கொத்தி அடர்ந்த பசுமைமாறாக் காட்டின் நிழல் படிந்த ஓடைகளையும் காட்டாறுகளின் ஓரத்தையும் விரும்புவது. கேரளத்தின் தாழ்நிலக் காடுகளும், கர்நாடகத்தில் தாண்டேலி, கணேஷ்குடி பகுதியில் ஓடும் காளி ஆறும் அதைக் காண ஏற்ற இடங்கள். அந்தமான் தீவுகளில் அதற்குத் தனித் துணையினம் உண்டு. அங்கே அது அலையாத்திக் கழிகளிலும் அமரும். இலங்கையில் சிரால் மீன்கொத்தி பரவலாக இருக்க, நீலக்காது மீன்கொத்தி மிக மிக அரிது.

வாழிடத்தைச் சான்றாகக் கொள்ளாமல், எந்த அளவு எச்சரிக்கை தேவை என்பதற்கான அறிகுறியாக மட்டும் கொள்ளுங்கள். சிரால் மீன்கொத்தியும் காட்டாற்றங்கரைக்கு வரும். வேடந்தாங்கல் போன்ற திறந்த ஏரியில் நீலக்காது மீன்கொத்தியைப் பார்த்ததாகத் தோன்றினால், அதை ஏற்பதற்குக் காட்டில் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு வலுவான சான்று வேண்டும்.

மாதமும் சில நாடுகளில் உதவும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சிரால் மீன்கொத்தி ஆண்டு முழுவதும் இருப்பதால் மாதத்தால் பயனில்லை. சிங்கப்பூரில் அது பெரும்பாலும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தங்கும் வலசைப் பறவை. நீலக்காது மீன்கொத்தியே அங்கு ஆண்டு முழுவதும் வாழ்கிறது. எனவே அங்குள்ள வாசகர்கள் ஜூன் மாதத்தில் காட்டோரக் குளத்தில் ஒரு சிறு நீல மீன்கொத்தியைக் கண்டால், தொடக்கத்திலேயே தராசு நீலக்காதின் பக்கம் சாய்ந்திருக்கும்.

4. பறவையைத் துரத்தாமல் காத்திருங்கள்

மீன்கொத்தி தனக்குப் பிடித்த சில கிளைகளுக்கே மீண்டும் மீண்டும் திரும்பி வரும். பறந்து போனதும் பின்னால் ஓடுபவருக்கு அதன் முதுகு மட்டுமே தெரியும். அந்த முதுகோ இரண்டு இனங்களிலும் ஒளிரும் நீலம். அது அமர்ந்திருந்த கிளையின் கீழே, தண்டின் மேல், எச்சத்தின் வெண்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் இருந்தால் எதிர்க்கரையில் ஒரு மரத்தை ஒட்டி அசையாமல் அமருங்கள். அரை மணி நேரம் காத்திருப்பது இந்த வேலையில் நீண்ட நேரமே அன்று.

மண்கரையில் வளைக்குள் போய்வரும் பறவையாக இருந்தால் அந்த இடத்தை உடனே விட்டு விலகுங்கள். வளைக்கு எதிரில் ஆள் அமர்ந்திருக்கும் வரை, மீனைக் கவ்விய தாய்ப்பறவை உள்ளே போகத் தயங்கி வெளியிலேயே அமர்ந்திருக்கும். குஞ்சுகள் பசியோடு கிடக்கும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதையும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டும்.

5. காதைப் பார்க்கும் முன் வயதைத் தீர்மானியுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தாம் அதிகம். அலகின் நுனியைப் பாருங்கள். அங்கே வெண்மை தெரிந்தால் அது கூட்டைவிட்டு வந்து நெடுநாள் ஆகாத இளம் பறவை. அடுத்து மேல்மார்பைப் பாருங்கள். முதிர்ந்த பறவையின் மார்பு ஒரே சீரான நிறத்தில் இருக்கும். இளம் பறவையின் தொண்டைக்குக் கீழும் மேல்மார்பிலும் மங்கிய திட்டுகளோ அழுக்குப் படிந்தது போன்ற சாயலோ இருக்கும்.

அலகு நுனியின் வெண்மையும் மார்பின் மங்கலும் வயதை மட்டுமே சொல்லும். இரண்டு இனங்களின் இளம் பறவைகளிலும் இவை உண்டு என்பதால், இவற்றை வைத்து இனத்தைச் சொல்லக் கூடாது.

முதிர்ந்த பறவை என்று உறுதியானால் ஆறாம் படிக்குச் செல்லுங்கள். இளம் பறவை என்றால், அல்லது உறுதியாகத் தெரியவில்லை என்றால், ஆறாம் படியை விட்டுவிட்டு ஒன்பதாம் படிக்குச் செல்லுங்கள்.

6. முதிர்ந்த பறவையின் காது: வெண்திட்டிலிருந்து கண்ணை நோக்கிச் செல்லுங்கள்

பெரும்பாலானவர்கள் அலகிலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு செம்மஞ்சள் புள்ளி தெரிந்ததும், 'செம்மஞ்சள் இருக்கிறது, சிரால்தான்' என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புள்ளி நீலக்காது மீன்கொத்திக்கும் உண்டு. பார்வையின் திசையை மாற்றிக்கொண்டால் இந்தத் தவறு நேராது.

கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வெண்திட்டு இருக்கும். இதுவும் இரண்டு இனங்களுக்கும் பொதுவானது, எந்த வெளிச்சத்திலும் எளிதில் தெரிவது. அங்கே பார்வையை நிறுத்தி, அதிலிருந்து கண்ணை நோக்கி மெல்லச் செல்லுங்கள். வெண்திட்டுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள இறகுகள் செம்மஞ்சளாக இருந்து, வெண்மையைக் கண்ணோடு ஒரு பட்டைபோல் இணைத்தால் அது சிரால் மீன்கொத்தி. அந்த இடம் முழுவதும் நீலமாகி, மேலே உச்சந்தலையின் நீலமும் கீழே கன்னத்தின் நீலமும் ஒன்றாகக் கலந்து, வெண்திட்டு நீலத்துக்கு நடுவே தனியாக நின்றால் அது நீலக்காது மீன்கொத்தி.

பறவை பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது பார்த்ததை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். நேர்முகமாக இருக்கும்போது கன்னத்தின் நீலக்கோடு காதை மறைத்துவிடும். பின்பக்கமாக இருக்கும்போது பிடரியின் நீலம் மறைத்துவிடும். இரண்டு நிலைகளிலும் சிரால் மீன்கொத்தி நீலக்காதாகவே தோன்றும்.

நிழல் இன்னொரு சிக்கல். ஒளி மேலிருந்து வரும்போது செம்மஞ்சள் காதும் கரும்பழுப்பாக, ஏன், கருநீலமாகவே தெரியக்கூடும். அப்போது பறவையின் மார்பையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். அதே வெளிச்சத்தில் மார்பு செம்மஞ்சளாகத் தெளிவாகத் தெரிந்து, காது மட்டும் நீலமாக இருந்தால் அந்த நீலத்தை நம்பலாம். மார்பும் இருண்டு தெரிந்தால் காதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. பறவை வெளிச்சத்துக்கு வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

7. துணைச் சான்றுகளும் சான்றாகாதவையும்

காது உறுதியான பின்பே இவற்றைப் பாருங்கள். நீலக்காது மீன்கொத்தியின் அடிப்பகுதி இன்னும் ஆழ்ந்த செந்நிறம் கொண்டது. தலையும் இறக்கையும் கரும்நீலம். சுற்றியுள்ள நீலம் இருண்டிருப்பதால், முதுகின் நடுவே ஓடும் வெளிர்நீலப் பட்டை அதில் மின்னலைப்போல் எடுப்பாகத் தெரியும். சிரால் மீன்கொத்தியிலும் இதே பட்டை உண்டு. ஆனால் இறக்கையின் நீலம் சற்று வெளிறியதாகையால் வேறுபாடு அவ்வளவு கூர்மையாக இராது.

அலகின் நிறத்தை இனத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிரால் மீன்கொத்தியில் ஆணின் அலகு முழுவதும் கறுப்பு. பெண்ணின் கீழலகு செம்மஞ்சள். நீலக்காது மீன்கொத்தியின் கீழலகிலும் சிவப்பு உண்டு. பெண்ணில் அது மிகுந்திருக்கும். எனவே 'கீழலகு சிவப்பு' என்ற குறிப்பு பாலைப் பற்றி ஏதோ சொல்லுமே தவிர இனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சிவந்த கால்கள், தலையை மேலும் கீழும் ஆட்டுவது, குட்டை வாலைச் சொடுக்குவது, தலைகுப்புறப் பாய்வது ஆகியவை அனைத்தும் இரண்டுக்கும் பொது.

8. நீலத்தின் சாயலை ஏன் கடைசியில் வைக்கிறோம்

மீன்கொத்தியின் செம்மஞ்சள் ஒரு நிறமியால் வருவது. நீலம் அப்படி வருவதில்லை. இறகிழைகளுக்குள் பஞ்சுபோல் துளைகள் நிறைந்த மிக நுண்ணிய கட்டமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால்தான் நமக்கு நீலம் தெரிகிறது. ஆகவே விழும் ஒளியைப் பொறுத்து அதன் சாயலும் மாறித் தோன்றுகிறது. காலை வெயிலில் பசுநீலமாக ஒளிரும் அதே பறவை, மேகம் மூடியதும் கருநீலமாகிவிடும்.

'இது மிக அடர்ந்த நீலம்' என்னும் ஒற்றைக் குறிப்பை வைத்து இனத்தை உறுதி செய்வது கூடாது என்பதற்கு இதுவே காரணம். காது, மார்பு ஆகியவற்றோடு ஒத்துப்போகும்போது மட்டும் சாயலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. இளம் பறவையை என்ன செய்வது

இரண்டு இனங்களின் இளம் பறவைகளுக்கும் காது செம்மஞ்சளாக இருப்பதால், இங்கே எந்தவொரு அடையாளமும் தனித்து முடிவைத் தராது. பலவற்றைச் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

சிரால் மீன்கொத்தியின் இளம் பறவை தன் பெற்றோரைவிட மங்கலாகவும் பச்சை மிகுந்ததாகவும் இருக்கும். நீலக்காது மீன்கொத்தியின் இளம் பறவைக்கு முதுகும் இறக்கையும் அப்போதே ஆழ்ந்த நீலம். எட்டாம் படியில் விலக்கி வைத்த சாயல் இங்கே மட்டும் சற்றுக் கைகொடுக்கிறது. அதுவும் நல்ல வெளிச்சத்தில் பார்த்திருந்தால்தான். செம்மஞ்சள் காதுக்கிடையே நீல இறகுகள் முளைத்து வருகின்றனவா என்றும் கவனியுங்கள். அவ்வாறு முளைத்திருந்தால் அது முதிர்ந்துவரும் நீலக்காது.

எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி பெற்றோரைப் பார்ப்பதுதான். கூட்டைவிட்டு வந்த சில நாட்கள் குஞ்சுகளுக்குப் பெற்றோர் இரை கொடுக்கும். அந்தக் காட்சி கிடைத்தால் குஞ்சின் காதைப் பற்றிக் கவலையே வேண்டாம். இரை கொண்டுவரும் பறவைக்கு ஆறாம் படியைச் செய்யுங்கள்.

10. குரலையும் படத்தையும் பயன்படுத்தும் முறை

சிரால் மீன்கொத்தி பறக்கும்போது கூர்மையாக 'சீ' என்றோ, இரட்டித்து 'சீ-சீ' என்றோ குரல் கொடுக்கும். நீலக்காது மீன்கொத்தியின் குரல் இன்னும் மெலிந்தது, சுருதி உயர்ந்தது, பெரும்பாலும் ஒற்றையாக வருவது. ஓடையின் இரைச்சலுக்கிடையில் இந்த வேறுபாட்டைக் கேட்டறியப் பழக்கம் வேண்டும். குரலைக் கேட்டதும் அந்தத் திசையில் இருநோக்கியைத் திருப்புங்கள். அதற்கு மேல் குரலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படம் எடுப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். இருண்ட காட்டுப் பின்னணியைக் கண்ட கேமரா, காட்சி முழுவதையும் வெளுப்பாக்க முயலும். அதனால் கழுத்தின் வெண்திட்டு பொங்கி, காதின் ஓரத்தை விழுங்கிவிடும். ஒளியளவை அரை முதல் ஒரு படி வரை குறைத்துவைத்தால் இது நேராது. மேலும், இலைக்கூரையின் வழியே வரும் ஒளியில் பச்சை கலந்திருப்பதால் தானியங்கி வெண்சமன், அதாவது ஒளிக்கேற்ப நிறங்களைச் சரிசெய்யும் கேமராவின் அமைப்பு, ஏமாறும். பச்சைக்கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலக்கோப்பாகப் பதிவு செய்துவிட்டு, வெண்திட்டை வெண்மைக்கு அளவாகக் கொண்டு வீட்டில் நிறத்தைச் சரிசெய்யுங்கள். நிறச்செறிவை மட்டும் கூட்டாதீர்கள். கூட்டினால் எந்தச் சிரால் மீன்கொத்தியையும் நீலக்காதாக்கிவிடலாம்.

கிளையில் அமர்ந்த பறவை தலையைத் திருப்பும்போது தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள். ஒரே படத்தில் கண், காது, வெண்திட்டு, மார்பு ஆகிய நான்கும் தெரிய வேண்டும். முழு உருவம் அழகாக அமைந்து காது மறைந்த படத்தைவிட, இலை குறுக்கிட்டாலும் இந்த நான்கும் தெரியும் படமே மதிப்புள்ளது.

11. பதிவு செய்தல்

களத்திலேயே, புத்தகத்தையோ கைபேசியையோ திறக்கும் முன், பார்த்ததை எழுதிவிடுங்கள். புத்தகப் படத்தைப் பார்த்த மறுகணம், பார்க்காத காதையும் பார்த்ததாக மனம் நிரப்பிக்கொள்ளும். ஒருமுறை காளி ஆற்றில் படகில் போனபோது, எங்களில் நால்வர் ஒரே பறவையைப் பார்த்தோம். புத்தகத்தைத் திறந்த மூவரும் 'நீலக் காது' என்று உறுதியாகச் சொன்னார்கள். முதலிலேயே எழுதிவைத்த ஒருவரின் குறிப்பில் 'முதுகு மட்டும் தெரிந்தது, தலை திரும்பவில்லை' என்று இருந்தது. அவருடைய வரியைத்தான் நாங்கள் பதிவில் ஏற்றோம்.

இனம் உறுதியாகவில்லை என்றால், அல்சிடோ பேரினம் என்ற அளவோடு நிறுத்துங்கள். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்தில் அப்படிப் பதிவதற்கு இடமுண்டு. அரிய இனமாகப் பதிந்தால் அந்தப் பகுதிக்கான சரிபார்ப்பாளர் விவரம் கேட்பார். நீலக்காது மீன்கொத்தி என்று பதிவதானால் குறிப்புப் பகுதியில் இவ்வளவும் இருக்கட்டும்: பறவையின் வயதும் அதை எதனால் அறிந்தீர்கள் என்பதும், காது தெரிந்த கோணம், அப்போது மார்பு என்ன நிறத்தில் தெரிந்தது, பார்த்த தொலைவு, எத்தனை நொடிகள் பார்த்தீர்கள், ஓடையின் நிழல் எப்படி இருந்தது. படம் இருந்தால், திருத்தாத படத்தையே இணையுங்கள்.